சின்ன எழுத்தில் அத்திமடு

1

இந்தக் கதை நான் எழுதிய ஒரு வாக்கியத்தில் இருந்து பிறந்தது. அது ஆங்கில வாக்கியம். நல்ல வாக்கியம் வேறு, அதுதான் வினையாகப் போயிற்று. சுமாராக எழுதித் தொலைத்திருந்தால் யாரும் அதைத் திரும்பச் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் இப்படி உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பது போல ஒரு கதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். வேலூரில் இருந்துகொண்டு தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளுக்கு ஆங்கிலம் பார்த்துக் கொடுப்பவன் நான். அவர்கள் நாலு குறிப்பு தருவார்கள், நான் அதை நாற்பது பக்கமாக ஊதித் தருவேன். தமிழில் கதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஜவ்வாது மலையில் அத்திமடு என்று ஓர் ஊர். நாற்பது வீடு. அங்கே மாதையன் என்பவர், போன மாதம், தன் அண்ணன் மகள் கலைவாணியிடம் ஒரு கேள்வி கேட்டார்:

"இங்கிலீஷ்ல நம்ம ஊர் பேருக்கு இன்னா அர்த்தம்மா?"

கலைவாணி பதில் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டாள். மறுநாள் நேராக என் வீட்டுக்கு வந்து, "நீங்கதான சார் அந்த அர்த்தத்தைக் குடுத்தது? என்ன சொல்லணும்னும் நீங்களே எழுதிக் குடுங்க" என்றாள். இனி எழுதப்போவதெல்லாம் அந்தப் பதிலைத் தேடித்தான். (கிடைத்ததா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டாம். கிடைக்கவில்லை.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்த அந்த மாசி மாதக் காலையில்—"

அடித்துவிட்டேன். மாசியில் அங்கே மேகம் இறங்காது. புளி உலுக்கும் மாதம் அது, மண் காய்ந்து கிடக்கும். தவிர, நான் அன்றைக்கு அங்கே இல்லவும் இல்லை. இல்லாத இடத்தைப் பற்றி அழகாக எழுதித்தான் இவ்வளவும் நடந்தது.

இரண்டாவது தொடக்கம்: "கலைவாணிக்குத் தன் ஊரை நினைத்தாலே வெட்கமாக இருந்தது."

இதை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "வெக்கம் இல்ல சார், கோவம். ரெண்டும் ஒண்ணா உங்களுக்கு?" என்றாள். அதையும் அடித்தேன்.

மூன்றாவது தொடக்கம் கீழே இருக்கிறது. அவள் அதற்கும் முகம் சுளித்தாள், ஆனால் வெட்டச் சொல்லவில்லை.

3

கலைவாணிக்கு வயது முப்பத்தாறு. பத்து வயதில் அத்திமடுவை விட்டுத் திருப்பத்தூர் விடுதிக்கு வந்தவள். அப்பா இல்லை. அப்பாவுடைய தம்பி மாதையனும் சித்தி சாந்தம்மாளும்தான் அவளை விடுதி வாசல்வரை கொண்டுவந்து விட்டவர்கள். கண் பரிசோதனைக்குப் படித்து, வேலூரில் ஒரு கண் மருத்துவ அறக்கட்டளையில் சேர்ந்தாள். (அறக்கட்டளைக்கு இந்தக் கதையில் பெயர் கிடையாது. பெயர் வைத்து நான் பட்டது போதும்.)

ஊர் ஊராக முகாம் நடத்துவது அவர்கள் வேலை. அடிவார ஊர்களில் எல்லாம் நடத்தியாகிவிட்டது. அத்திமடுவுக்கு ஒரு முகாம் வேண்டும் என்று அவள் நான்கு வருடம் செயலாளர் பாண்டுரங்கனின் பின்னாலேயே நடந்தாள். ரோடு இல்லையே என்பார் அவர். கடைசியில் புதூர்நாட்டுப் பக்கமிருந்து ஜீப் போகிற அளவுக்கு ஒரு பாதை போட்டார்கள். அவரால் மறுக்க முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

அவள் ஊருக்குப் போன் போட்டாள். அத்திமடுவில் ஒரு பாறை மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். மாதையன் ஏறி நின்றார்.

"சித்தப்பா, வியாழக்கிழமை காத்தால டாக்டருங்க வர்றாங்க. மொத மொதல்ல நம்ம ஊருக்கு வர்றாங்க. ஒருத்தர்கூட வுடக் கூடாது, எல்லாரும் இருக்கணும். மரியாதை கொறையாம பாத்துக்குங்க."

"அத நீ சொல்லணுமா? நான் பாத்துக்கறேன் போ."

போனை வைத்துவிட்டு, வேன் ஓட்டும் வடிவேலுவைக் கூப்பிட்டு வழி சொன்னாள்: திருப்பத்தூர், புதூர்நாடு, அங்கிருந்து புதுப்பாதை. பேச்சு இரண்டும் ஐந்து நிமிட இடைவெளியில் நடந்தன. இரண்டையும் சேர்த்து அவள் யோசிக்கவில்லை. அந்த வியாழக்கிழமை வேலூரில் அறுவை சிகிச்சை நாள், அவள் வேனில் ஏறவும் இல்லை.

(இந்தப் பத்தியை அவள் இரண்டு முறை படித்தாள். "'யோசிக்கவில்லை' வேணாம் சார், 'மறந்துபோயிருந்தாள்'னு போடுங்க. பத்து வயசுவரைக்கும் நான் பாத்ததுதான அது" என்றாள். எதை மறந்தாள் என்பது ஏழாம் பகுதியில் வரும். அதுவரை நான் 'யோசிக்கவில்லை' என்றே வைத்திருக்கிறேன். அவள்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் இருக்கிறது, அவளுக்கு இல்லாவிட்டாலும்.)

4

வேன் ஒன்பது மணிக்கு அத்திமடுவில் போய் நின்றது. ஊரில் ஒரு ஆள் இல்லை.

நாற்பது வீட்டுக் கதவும் சாத்திக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கோழிகள் மேய்ந்தன. ஒரு நாய் வந்து டயரை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. வடிவேலு ஹாரன் அடித்தார். களத்தில் மேசை போட்டார்கள், கண் பார்க்கும் எழுத்து அட்டையை ஒரு வேலிக்காலில் மாட்டினார்கள், கண்ணாடிப் பெட்டிகளை எடுத்து அடுக்கினார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆயிற்று. யாரும் வரவில்லை.

தூரத்தில், மலைச்சரிவுக்குக் கீழே எங்கிருந்தோ, மேளச் சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏதோ திருவிழாவுக்குப் போய்ட்டாங்க போல. போய்ப் பாத்துட்டு வரட்டுங்களா சார்?" என்று வடிவேலு கேட்டார்.

"வேண்டாம் வடிவேலு. அவங்க திருவிழாவுக்கு நாம ஏன் அழையாத விருந்தாளியாப் போகணும்?" என்றார் பாண்டுரங்கன்.

ஒன்றரை மணிக்கு எல்லாவற்றையும் கட்டி ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

மறுநாள் அந்த முகாமைப் பற்றிய குறிப்புகள், அறிக்கையாக்கச் சொல்லி, என்னிடம் வந்தன. சந்தேகம் கேட்க வடிவேலுவுக்குப் போன் போட்டேன். மேலே இருக்கும் இரண்டு பேச்சையும் அவர்தான் எனக்குச் சொன்னார். அவற்றை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை. சேர்த்தால் பத்தி நீண்டுவிடும், ஓட்டம் கெட்டுவிடும். அதற்குப் பதிலாகத்தான் அந்த நல்ல வாக்கியத்தை எழுதினேன். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: 'எங்கள் கண்ணாடிகள் காத்திருந்தன, ஊரோ மேளத்தின் பின்னால் போய்விட்டது. இனிமேல் இப்படிப்பட்ட நாளுக்கு எங்களிடம் ஒரு பெயர் இருக்கிறது: ஓர் அத்திமடு.'

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பாண்டுரங்கன் அதை உரக்கப் படித்தார். எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் கலைவாணி.

"எங்க ஊரு அப்படித்தாங்க சார். மேளச் சத்தம் கேட்டாப் போதும், வூட்டைத் தொறந்து போட்டுட்டு ஓடிடுவாங்க."

அவள் சொன்னது இதுதான். சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் நான்கு வருடம் நடந்து வாங்கிய முகாம் அது. மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிட்டால் கொஞ்சம் குறைவாக வலிக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. உள்ளுக்குள் ஊர்மேல் அப்படி ஒரு கோபம். சித்தப்பாவுக்குப் போன் போட்டு ஏன் என்று ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பண்டிகைக்கு இரண்டு நாள் போவாள், சாப்பிடுவாள், திரும்பிவிடுவாள். அவளும் பேச்சை எடுக்கவில்லை, அவர்களும் எடுக்கவில்லை.

5

(இந்த இடத்தில் கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள். கதைக்குள் போகப் பயமாக இருக்கும்போது நான் கட்டுரைக்குள் போய் ஒளிந்துகொள்கிறவன்.)

ஊர்ப்பெயர்களை எடுத்துத் தன் அன்றாடப் பேச்சில் புழங்கிக்கொள்வது ஆங்கிலத்துக்கு நெடுநாள் பழக்கம். பெல்ஜியத்தில் வாட்டர்லூ என்று ஓர் ஊர் இருக்கிறது. இன்றைக்கும் அங்கே ஆட்கள் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார்கள். ஆங்கிலத்தில் அந்த ஊருக்கு அர்த்தம் தோல்வி, எழுந்திருக்கவே முடியாத தோல்வி. அங்கே சண்டை நடந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். டிம்பக்டூ ஏடுகளுக்குப் பேர்போன பழைய நகரம். ஆங்கிலத்தில் அது 'எங்கேயோ, யாருக்கும் எட்டாத தூரம்'. அங்கே குடியிருப்பவனுக்கு அது எப்படித் தூரமாகும் என்று ஆங்கிலம் கேட்டுக்கொள்ளவில்லை. நாசிக் பக்கத்துத் தேவ்லாலியில் ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் புத்தி பேதலித்தது என்பார்கள். பேதலித்தது அவர்களுக்கு, 'டூலாலி' என்று கிறுக்கு என்ற அர்த்தம் ஒட்டிக்கொண்டது ஊருக்கு. கோழிக்கோடு 'காலிகோ' என்ற துணியாகப் போயிற்று, ஜோத்பூர் 'ஜோத்பர்ஸ்' என்ற கால்சட்டையாகப் போயிற்று. அவை கொடுத்துவைத்த ஊர்கள்.

நாம் மட்டும் யோக்கியமா? சின்ன வயதில் எங்கள் வகுப்பில் யாராவது தனியாகப் பேசிக்கொண்டிருந்தால் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்போம். கீழ்ப்பாக்கத்தில் எனக்கு ஓர் அத்தை இருந்தாள். யாராவது எந்த ஏரியா என்று கேட்டால் அவள் பக்கத்து ஏரியாவின் பெயரைச் சொல்வாள். அதை அப்போது நான் வேடிக்கையாக நினைத்தேன்.

இன்னொன்று. ஊர்ப்பெயர் பொதுச்சொல்லாக மாறும்போது, ஆங்கிலத்தில் பல நேரம் முதலில் போவது அதன் பெரிய எழுத்து. பெரிய எழுத்தில் தொடங்கினால் ஊர், சின்ன எழுத்தில் தொடங்கினால் சமாச்சாரம். தமிழில் அந்த வசதி இல்லை. நாம் எல்லா ஊரையும் ஒரே உயரத்தில்தான் எழுதுகிறோம். என் அறிக்கையில் அத்திமடுவைப் பெரிய எழுத்தில்தான் எழுதினேன். சத்தியமாக. சின்ன எழுத்தாக்கியது நான் இல்லை. (இதைப் பெருமையாகச் சொல்கிறேனா, தப்பித்துக்கொள்ளச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.)

6

சொல் நடக்க ஆரம்பித்தது. முகாமுக்குப் போய்க் கூட்டம் சேரவில்லை என்றால், 'இன்றைக்கு ஓர் அத்திமடு' என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி வரும். அப்புறம் அது வினைச்சொல் ஆயிற்று: 'அந்த ஊர் நம்மை அத்திமடு செய்துவிட்டது.' வேலூரில் இருந்து வேலை மாறிப் போனவர்கள் தர்மபுரிக்கும் பெங்களூருக்கும் அதைக் கொண்டுபோனார்கள். ஒரு நாள் கணினி வழிக் கூட்டத்தில் போபாலில் இருக்கும் ஓர் அம்மாள் அந்தச் சொல்லைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "இது என்ன மொழி? லத்தீனா?" என்றும் கேட்டாள். கலைவாணி தன் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

சொல்லோடு ஒரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. அத்திமடு ஆன ஊருக்கு இரண்டாவது முகாம் கிடையாது. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. ஆனால் பட்டியல் தயாரிக்கும்போது, 'அது ஓர் அத்திமடு' என்று யாராவது சொன்னால் போதும், பேனா அந்த ஊரைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். அப்படித் தாண்டிய பேனாக்களில் கலைவாணியுடையதும் ஒன்று. அசல் அத்திமடுவுக்காக அவளும் மறுபடி வாய் திறக்கவில்லை.

இந்த வருடம் அறக்கட்டளை பணியாளர்களுக்கு ஒரு கையேடு அச்சடிக்கத் தீர்மானித்தது. கடைசியில் ஒரு சொற்பட்டியல். அதை எழுதும் வேலை என்னுடையது. முதல் பக்கத்திலேயே, சின்ன எழுத்தில், அந்தச் சொல் இருந்தது. 'பயனாளிகளே வராமல் வீணாகும் முகாம்' என்று பொருள் எழுதினேன். எனக்குக் கை கூசவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு மொழிக்கு ஒரு சொல் கொடுப்பது என்ன சாதாரணமா?

7

*இந்தப் பகுதியில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. கலைவாணி சொன்னபடி எழுதுகிறேன். நடுவில் ஏதாவது அழகாக இருந்தால் அது அவர்களுடையது.*

மாதையனுக்குக் கண் சரியில்லை என்று ஊர்க்காரர் அன்பரசன் வேலூருக்கு வந்தபோது சொல்லிவிட்டுப் போனார். கலைவாணி திருப்பத்தூரில் ஒரு மருத்துவரிடம் காட்ட ஏற்பாடு செய்தாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு போய்விட்டது, இனி திரும்பாது என்றார் மருத்துவர். மூன்று வருடத்துக்கு முன்னால் பார்த்திருந்தால் சொட்டு மருந்திலேயே பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். போன பண்டிகைகளில் சித்தப்பா கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டதை அவள் பார்த்திருக்கிறாள். வயசு என்று விட்டுவிட்டாள். கண் பார்க்கப் படித்தவள்.

அவரை ஊரில் விட்டுவர அவளும் கூடப் போனாள். மத்தியானம். சாந்தம்மாள் களத்தில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார். மாதையனும் பக்கத்தில் உட்கார்ந்து, தடவித் தடவிக் கொட்டை எடுக்க ஆரம்பித்தார்.

"அன்னிக்கே நீ சொன்ன டாக்டருங்க வந்திருந்தா…" என்று சாந்தம்மாள் ஆரம்பித்தார்.

"ஏய், வுடு. வராதவங்கள ஏன் வரலன்னு கேக்கற பழக்கம் நம்ம ஊர்ல இருக்குதா? அவங்களுக்கு இன்னா கஷ்டமோ" என்று மாதையன் தடுத்தார்.

கலைவாணிக்கு மூன்று வருடக் கோபமும் ஒன்றாக வந்தது.

"வராதவங்களா? வந்தாங்களே! காத்தால ஒம்போது மணிக்கு வந்து மதியம் வரிக்கும் உக்காந்திருந்தாங்க. நீங்கதான் ஒருத்தர்கூட இல்ல. திருவிழாவுக்குப் போய்ட்டீங்க."

"மாசியில நம்ம ஊருக்கு ஏதும்மா திருவிழா?" என்றார் சாந்தம்மாள்.

"எங்க வந்தாங்க?" என்று மாதையன் கேட்டார்.

"இங்கதான். இந்தக் களத்துலதான் வண்டி நின்னுச்சி."

"எந்த வழியா?"

"புதூர்நாட்டு வழியா."

மாதையன் கையில் இருந்த புளியைக் கீழே வைத்தார். "லோடு போற வழியிலயா டாக்டருங்கள வரச் சொன்ன?"

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அத்திமடுவுக்கு முதல் முறையாக வருகிற விருந்தாளியை ஊருக்குள் இருந்துகொண்டு வா என்று சொல்ல மாட்டார்கள். கீழே, செங்கம் போகிற ஒற்றையடிப் பாதையில், இரண்டு மைல் தூரத்தில் எல்லைக்கல் இருக்கிறது. ஊர் முழுக்க அங்கே போய் நிற்க வேண்டும். கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, மேளம் அடித்து, நடுவில் விட்டு அழைத்து வர வேண்டும். அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் ஆள் தங்கக் கூடாது. தங்கினால் அந்த வீட்டுக்கு விருந்தாளி வேண்டாதவன் என்று ஆகிவிடும். நடக்க முடியாதவர்களைக் கட்டிலோடு தூக்கிப் போவார்கள். புளி ஏற்றப் போட்ட புதுப்பாதையில் சரக்குதான் போகும், வரும். விருந்தாளிக்குரிய வழி செங்கத்துப் பாதை ஒன்றுதான். பாறை மேல் நின்ற மனிதரிடம் அவள் சொன்னது மூன்றே செய்தி: மொத மொதல்ல வர்றாங்க, எல்லாரும் இருக்கணும், மரியாதை குறையக் கூடாது. அவர் மூன்றையும் நிறைவேற்றியிருந்தார்.

"காத்தால ஏழு மணிக்கெல்லாம் போய்ட்டோம்மா. முத்தம்மாளக் கட்டில்ல வச்சித் தூக்கினு போனோம், அதுக்குத்தான் ரெண்டு கண்ணும் பூ வுழுந்து கெடந்திச்சே, மொதல்ல அதக் காட்டலாம்னு. வழி தெரியாம நின்னுடுவாங்களோன்னு நான் மேளத்த நிறுத்தவே இல்ல. சத்தத்தப் புடிச்சினு வந்துடுவாங்க இல்ல? ரெண்டு மணி வரிக்கும் அடிச்சேன். கை வீங்கிப்போச்சி."

"திரும்பி வந்தப்போ களத்துல டயர் தடம் இருந்திச்சி. புளி லோடுன்னு நெனச்சோம்" என்றார் சாந்தம்மாள்.

மாதையன் கீழே வைத்த புளியைத் தடவி எடுத்தார். பிறகு பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, முகத்தில் ஒரு சந்தோஷத்தோடு கேட்டார்:

"அது போவட்டும். அன்பரசன் சொன்னான், வேலூர்ல உங்க ஆபீஸுங்கள்ல நம்ம ஊர் பேர வச்சி இங்கிலீஷ்ல பேசிக்கிறாங்களாமே! எங்கெங்கயோ இருக்கறவங்ககூடச் சொல்றாங்களாம். மெய்யாவா? இங்கிலீஷ்ல நம்ம ஊர் பேருக்கு இன்னா அர்த்தம்மா?"

8

மாதையன்மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவராக ஒருவர் இருப்பாரா? கண் போன மனிதர், மேளம் அடித்தே கை வீங்கியவர், ஒரு வார்த்தை திட்ட மாட்டாரா? கலைவாணியிடம் கேட்டேன். 'கதைக்கு நம்பகமாக இருக்காது' என்றேன்.

"திட்டினாரே சார். ஜீப் பாதையைத் திட்டினாரு. அப்புறம் என்னையும்தான். 'டாக்டருங்கள லோடு மாதிரி ஏத்தி அனுப்பிச்சிருக்கியே'ன்னு திட்டினாரு. கண்ணைப் பத்தி மட்டும்தான் ஒண்ணும் சொல்லல."

அந்த மேளச் சத்தம் என் அறிக்கையில் இருக்கிறது. நான்தான் அதைத் திருவிழா ஆக்கினேன். வடிவேலு போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டதை எழுதியிருந்தால், படித்தவர்களில் யாராவது ஒருத்தர் நிறுத்தி, அது என்ன மேளம் என்று கேட்டிருப்பார். ஓட்டம் கெட்டுவிடும் என்று வெட்டினேன். அந்த ஒரு வரிக்காக வாழ்க்கை முழுக்க வருத்தப்படுவேன் என்று நினைக்கிறேன், வருத்தத்தால் யாருக்கும் பார்வை வராது என்று தெரிந்தும்.

9

சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் கலைவாணி உண்மையைச் சொல்கிறாள். 'சித்தப்பா, இங்கிலீஷ்ல நம்ம ஊருக்கு அர்த்தம், நல்லது செய்ய வந்தவங்கள ஏமாத்தறது.' அதைக் கேட்டு மாதையன் மெல்லச் சிரித்துவிட்டு— இல்லை. அவர் சிரிக்க மாட்டார். அழுதார் என்று எழுதினேன், அதுவும் பொய்யாக இருந்தது. அந்த வரிக்குப் பின் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது முடிவில் அவள் பொய் சொல்கிறாள். 'விருந்தாளிக்காகக் காத்திருக்கிறதுன்னு அர்த்தம், சித்தப்பா.' இது கலைவாணிக்கு அரை நாள் பிடித்திருந்தது. சாயங்காலம் போன் செய்தாள். "வேணாம் சார். அவரு ஊர் பூரா அதச் சொல்லிப் பெருமைப்படுவாரு. அன்பரசனுக்கு உண்மை தெரியாமயா இருக்கும்? ஒரு தடவை ஏமாந்தது போதும்" என்றாள்.

மூன்றாவதில், அத்திமடு என்றால் அத்திமரத்தடியில் தேங்கி நிற்கும் தண்ணீர் என்று தமிழ் அர்த்தத்தைச் சொல்லி நழுவுகிறாள். "அவர் கேட்டது இங்கிலீஷ் சார்" என்றாள். சரிதான்.

நாலாவதை நான் எழுதவில்லை, அது நடந்தது. நாங்கள் இருவரும் பாண்டுரங்கனிடம் போனோம். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்த மேளம் நமக்கா?" என்று கேட்டார். வெகுநேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். கையேட்டில் இருந்து சொல்லை எடுத்துவிடச் சொன்னார். ஒரு விசையைத் தட்டினேன், போய்விட்டது. அத்திமடுவுக்கு மறுபடி முகாம் என்றும், வேனைச் செங்கத்துப் பக்கம் அடிவாரத்தில் நிறுத்திவிட்டு எல்லாரும் ஒற்றையடிப் பாதையில் நடந்தே ஏறுவது என்றும் முடிவாயிற்று. கதை இங்கே முடிந்திருக்கலாம். எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வாரமே போபாலில் இருந்து ஒரு மின்னஞ்சல். வரும் மாத முகாம்களுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் அந்த அம்மாள் எழுதியிருந்தாள்: இன்னொரு அத்திமடு ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன எழுத்தில்தான். கையேட்டில் இருந்து எடுத்ததை அவள் வாயில் இருந்து எடுக்க என்னிடம் விசை இல்லை.

10

கலைவாணி சனிக்கிழமை ஊருக்குப் போகிறாள், முகாம் நாளைச் சொல்ல. முத்தம்மாளின் கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்தால் இன்னும் வாய்ப்பிருக்கிறது. மாதையனுக்கு இல்லை. செங்கத்தில் பஸ் இறங்கி நடந்தே ஏறப்போவதாகச் சொன்னாள். எல்லைக்கல்லில் அவர் வந்து நிற்பார். நின்றால் கேட்பார்.

போன மாதம் அவள் பதில் சொல்லாமல் எழுந்தபோது நடந்த ஒன்றை என்னிடம் நேற்றுத்தான் சொன்னாள். அவள் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டு மாதையன் கூப்பிட்டாராம்.

"அர்த்தத்த அப்புறம் வந்து சொல்லு, அவசரம் இல்ல. நம்ம ஊர் பேரச் சொல்றாங்களே, அந்த இங்கிலீஷ்காரங்கள ஒருவாட்டி இட்டுனு வாம்மா. எல்லக்கல்லுக்கு நான் வர்றேன்."

"நீங்க எப்படி சித்தப்பா அவ்ளோ தூரம்…"

"மேளம் அடிக்கறதுக்குக் கண்ணு எதுக்கு?"

கையேட்டின் சொற்பட்டியலில் நான் அழித்த இடம் வெற்றாகவே இருக்கிறது. ஒரு வரி கொள்ளும்.

இதுவரை படித்த நீங்களும் அத்திமடுவுக்கு என் பின்னால் லோடு போகிற வழியில்தான் வந்தீர்கள். முதலில் அந்தச் சொல், பிறகுதான் ஊர். உங்களுக்காகவும் கீழே மேளம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. இன்றைக்கு வியாழக்கிழமை. அவள் கிளம்ப இன்னும் ஒரு நாள் இருக்கிறது. அவர் கேட்டால் அவள் என்ன சொல்லட்டும்?